கடற்கரை வெயில்ல குழந்தைக்கு கையால பின்னின பிளாங்கெட் தேவையா? குரோஷாவா, நிட்டிங்கா?

கேள்வி முழுசா இப்படி இருந்துச்சு: "ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர்ல இருக்கோம், மதினிக்கு ஆவணில டெலிவரி, குழந்தைக்கு என் கையாலயே ஒரு பிளாங்கெட் பின்னிக் குடுக்கணும்னு ஆசை. இந்த வெயில்ல அதெல்லாம் யாராவது போத்துவாங்களான்னு வீட்ல சிரிக்கிறாங்க. குரோஷா கத்துக்கவா, நிட்டிங் கத்துக்கவா?"

தேவையான்னு கேட்டா தேவை இல்லை தாங்க. நம்ம ஊர்ல பிறந்த புள்ளைக்கு அம்மாச்சியோட பழைய நூல் சேலை ஒண்ணை நாலா மடிச்சு விரிச்சா போதும், அதைவிட மெத்துன்னு ஒரு துணி இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. ஆனா ஆசைன்னு சொல்லிட்டீங்க, ஆசைக்கு எதுக்கு தேவைக் கணக்கு, பின்னுங்க. நான் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம் தான், எங்க தெருவுல பிறந்த பாதிப் புள்ளைங்களுக்கு ஏதாவது ஒண்ணு பின்னிக் குடுத்துருக்கேன், அதனால சொல்றேன், நீங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது குரோஷாவா (ஒரு கொக்கியால பின்றது) நிட்டிங்கா (ரெண்டு ஊசியால பின்றது)ன்னு இல்ல, என்ன நூல்ங்கிறது தான். எல்லாரும் யூடியூப்ல டிசைன் பாத்து மயங்கிட்டு கடைக்குப் போயி "உல்லன் நூல் குடுங்க"ன்னு கேப்பாங்க, அவங்களும் பஞ்சு மிட்டாய் கலர்ல பளபளன்னு ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க, தொட்டா அவ்ளோ சாஃப்ட்டா இருக்கும். அதுல உல்லனும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன்னு விக்கிறது முக்கால்வாசி அக்ரிலிக், பிளாஸ்டிக் வகையறா. பேபி சாஃப்ட், பேபி கேர்னு பேரு போட்டிருந்தாலும் லேபிளைத் திருப்பிப் பாருங்க, நூறு சதம் அக்ரிலிக்னு பொடி எழுத்துல இருக்கும்.

அக்ரிலிக் கெட்டதுன்னு சொல்ல வரல. ஊட்டி கொடைக்கானல்ல, இல்ல பெங்களூர்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு தாராளமா அதுல பின்னி அனுப்பலாம், சூடு பிடிக்கும், துவைக்க ஈஸி, சீக்கிரம் காஞ்சிரும், சுருங்காது. நம்ம ஊர்ல பிரச்சனை என்னன்னா அது வேர்வையை உறிஞ்சாது, மேற்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கூட உப்புக் கசகசப்பு இருக்கத்தான் செய்யும், புள்ளைக்கு கழுத்துலயும் முதுகுலயும் வேர்க்குரு வந்துரும். இன்னொரு விஷயம் இருக்கு, இதை யூடியூப்ல யாரும் சொல்ல மாட்டாங்க ஏன்னா அவங்க ஊர்ல இந்தப் பழக்கம் இல்ல. குளிப்பாட்டுனதும் நாம என்ன பண்ணுவோம், தணல்ல சாம்பிராணி போட்டு புள்ளையை சுத்தித் துணிய வச்சு புகை காட்டுவோம்ல. அந்த நேரம் ஒரு பொறி தெறிச்சு அக்ரிலிக் மேல விழுந்துச்சுன்னா அது உருகும், உருகி தோலோட ஒட்டிக்கும். காட்டனும் தீப்பிடிக்கும் தான், ஆனா உருகி ஒட்டாது. பின்னினது காட்டனா இருந்தாலும் சரி வேற எதுவா இருந்தாலும் சரி சாம்பிராணி சட்டிகிட்ட கொண்டு போகாதீங்க, அதுக்கு அந்த பழைய சேலையே இருக்கட்டும்.

லேபிள் இல்லாம உருண்டையா விக்கிற நூலா இருந்தா ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. விரல் நீளம் ஒரு துண்டு வெட்டி, இடுக்கியில பிடிச்சுக்கிட்டு, கிச்சன் சிங்க் மேல நின்னு, தீக்குச்சியால பத்த வைங்க. காட்டன்னா பேப்பர் எரியிற வாசம் வரும், மிச்சம் சாம்பலா உதிரும். அக்ரிலிக்னா சுருண்டு உருகி நுனியில கறுப்பா கெட்டி மணி மாதிரி ஒண்ணு நிக்கும், ஆறுனப்புறம் நசுக்குனா கூட நசுங்காது. மில்க் காட்டன்னு ஒண்ணு இப்ப ஆன்லைன்ல பயங்கரமா ஓடுது, அது பெரும்பாலும் காட்டன் கூட அக்ரிலிக் கலந்தது, கைக்கு சுகமா இருக்கும், பொம்மை பின்ன நல்லா இருக்கும், பிளாங்கெட்டுக்கு நான் சுத்த காட்டன் தான் சொல்லுவேன். காட்டன்ல ஒரு கஷ்டம், அது இழுபடாது, அதனால புதுசா பின்றவங்களுக்கு முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும். ஜன்னலை ஒட்டி உக்காந்து, அரை மணிக்கு ஒரு தரம் எந்திரிச்சு கையை உதறிக்கங்க.

சரி இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். நிட்டிங்ல ரெண்டு ஊசி, ஒரு வரிசையில இருக்கிற அத்தனை கண்ணியும் ஊசி மேலயே உயிரோட நிக்கும், ஒண்ணு நழுவுச்சுன்னா அது பாட்டுக்கு ஏணி மாதிரி கீழ வரைக்கும் அவுந்துக்கிட்டே போகும். குரோஷால ஒரே ஒரு கொக்கி, எந்த நேரத்துலயும் ஒரே ஒரு கண்ணி தான் அவுந்த நிலையில இருக்கும். வீட்ல சின்னப் பசங்க இருந்து, அடுப்புல குழம்பு கொதிக்குது, வாசல்ல மீன்காரம்மா கூப்பிடுதுன்னு பாதியில வச்சுட்டு ஓடுற ஆளா இருந்தா குரோஷா தான் சரி. நேர்மையா சொல்லணும்னா நிட்டிங்ல வர்ற துணி மெல்லிசா, தளதளன்னு, புள்ளை உடம்போட படிஞ்சு இருக்கும், குரோஷா கொஞ்சம் தடிமனா தான் வரும், நூலும் கூடுதலா இழுக்கும். ஆனா ஆவணிக்குள்ள முடிக்கணும்னா குரோஷா.

அதுவும் இல்லாம குரோஷா நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் வெளியூர் சரக்கு இல்ல. மாதா கோயில் பீடத்துணி ஓரத்துல தொங்குற லேஸ், டிவி மேல போட்டிருந்த வெள்ளைக் கவர், தலகாணி உறை ஓரம், எல்லாம் அந்தக் கொக்கி வேலை தான். எனக்கு சொல்லிக் குடுத்ததே கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தங்க. இதுக்குப் பின்னாடி பெரிய கதையே இருக்கு, 1840கள்ல அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகிப் போயி பஞ்சம் வந்தப்ப அங்க உள்ள கன்னியாஸ்திரி மடங்கள்ல பொம்பளைங்களுக்கு குரோஷா லேஸ் கத்துக் குடுத்து, அதை வித்து தான் எத்தனையோ வீட்ல அடுப்பு எரிஞ்சுது. நம்ம நாட்டுக்கும் மிஷனரிங்க கூட தான் இந்த மாதிரி லேஸ் வேலை வந்துச்சு, ஆந்திராவுல கோதாவரி பக்கம் நரசாபூர்ல இன்னைக்கும் பொம்பளைங்க வீட்ல உக்காந்து இதைத் தொழிலா பண்றாங்க. குரோஷாவை அப்படியே போடுற மிஷின் இன்னும் புழக்கத்துக்கு வரல, கடையில தொங்குற டாப்பு நிஜக் குரோஷாவா இருந்தா ஏதோ ஒரு ஊர்ல ஒரு பொம்பளை கையால தான் போட்டிருக்கும், அதை நினைச்சா பேரம் பேச மனசு வராது.

எங்க அப்பாவுக்கு இது ரொம்ப நாள் புரியல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரம் ஆம்பளைங்க எல்லாம் நிழல்ல உக்காந்து வலை சரி பண்ணிக்கிட்டு இருப்பாங்க. ஒரு தரம் நான் பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டு இருந்தேன், அப்பா வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு, ஓரத்தை ரெண்டு விரலால உருட்டிப் பாத்துட்டு, "என்னத்தா இது, தேடித் தேடிப் பாக்குறேன், ஒரு முடிச்சையும் காணோம்"னாரு. வலைன்னா கண்ணிக்கு ஒரு முடிச்சு, ஒரு இடத்துல அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அப்படியே நிக்கும். இதுல முடிச்சே கிடையாது, ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம், அவ்ளோ தான். நான் கொக்கிய உருவிட்டு நூல் நுனியை அவர் கையில குடுத்து இழுக்கச் சொன்னேன், ஒரு வரிசை சரசரன்னு அவுந்து அவர் மடியில விழுந்துச்சு, பதறிப்போயி கையை எடுத்துட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப கடைசி நுனியை எப்படி கட்டுவ"ன்னு கேட்டாரு பாருங்க, அது தான் சரியான கேள்வி.

ஏன்னா புள்ளை பிளாங்கெட்டுல கெட்டுப் போறது எல்லாம் அந்த நுனியில தான். கடைசிக் கண்ணி வழியா நூலை உருவி இறுக்கிட்டு ஒரு பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டணும், முனை மழுங்கின மொட்டை ஊசியில கோத்து ஒரு பக்கமா பின்னலுக்குள்ள ஓட்டி, திரும்ப எதிர்ப்பக்கமா ஓட்டி, மறுபடி ஒரு தரம் ஓட்டணும். காட்டன் வழுக்கும், ஒரே பக்கமா ஓட்டுனா ரெண்டு துவைப்புல வெளிய வந்துரும். வெளிய வந்த நூல் சின்ன விஷயம் இல்ல, புள்ளையோட கால் விரல்லயோ கை விரல்லயோ சுத்திக்கிட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திரும், அது அழுவும், பசின்னு நினைச்சு பால் குடுத்துக்கிட்டு இருப்போம். அதனால தான் பெரிய பெரிய ஓட்டையா வர்ற டிசைனும் வேண்டாம்னு சொல்றேன், விரல் நுழையாத பின்னலா இருக்கணும். பொம்பொம், மணி, பட்டன், ரிப்பன், எதுவும் வேண்டாம்.

இன்னொண்ணையும் மதினிகிட்ட தெளிவா சொல்லிருங்க, குடுக்குறது தூங்குற புள்ளை மேல போத்தி விட இல்ல. ஒரு வயசு வரைக்கும் புள்ளை தூங்குற இடத்துல லூசா போர்வை, தலகாணி எதுவும் இருக்கக் கூடாதுன்னு அமெரிக்க குழந்தை டாக்டர்கள் அகாடமியே சொல்லுது, மூஞ்சி மேல ஏறிருச்சுன்னா அதுக்குத் தள்ளி விடத் தெரியாது. அப்புறம் எதுக்குன்னு கேட்டா, தரையில விரிச்சு குப்புற விழுந்து விளையாட விடலாம், டாக்டர்கிட்ட போறப்ப ஏசி ரூம்ல மடியில வச்சு சுத்திக்கலாம், பஸ்ல காத்து அடிச்சா மறைச்சுக்கலாம், ஞானஸ்நானத்துக்கு தூக்கிட்டுப் போகலாம். புள்ளை கொஞ்சம் வளந்தா அதுவே அதை இழுத்துக்கிட்டு வீடு பூரா சுத்தும்.

பின்னலுக்கு மாஸ் ஸ்டிச் (moss stitch crochet)னு தேடுங்க, புதுசா வர்றவங்களுக்கு அதைவிட பாசமான பின்னல் கிடையாது. 4 எம்எம் கொக்கி, ரொம்பத் தடிமன் இல்லாத 8 பிளை (பிளைங்கிறது நூலோட தடிமன் கணக்கு) காட்டன், 75 சென்டிமீட்டர் சதுரம் போதும், சுமாரா 400ல இருந்து 500 கிராம் நூல் பிடிக்கும். செயின் (ஆரம்பத்துல சங்கிலி மாதிரி போடுற வளையம்) ரெட்டைப்படையில போடணும், உங்க கை இறுக்கத்தைப் பொறுத்து 130ல இருந்து 150 வரைக்கும் வரும். கொக்கியில இருந்து நாலாவது செயின்ல ஒரு சிங்கிள் (சிங்கிள் குரோஷாங்கிற குட்டைப் பின்னல்), அப்புறம் ஒரு செயின், ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுல சிங்கிள், இப்படியே கடைசி வரை. திரும்பி ரெண்டு செயின் போட்டுட்டு, கீழ் வரிசையில செயின் போட்ட சந்து இருக்குல்ல, அதுக்குள்ள சிங்கிள், ஒரு செயின், அடுத்த சந்துல சிங்கிள், கடைசி சிங்கிள் மட்டும் ஓரத்துல திரும்புன செயினோட சந்துல விழணும். இந்தக் கடைசிச் சந்தை தான் எல்லாரும் விட்டுருவாங்க, விட்டா வரிசைக்கு வரிசை குறுகி சதுரம் முக்கோணம் ஆயிரும். ஆரம்பச் செயின் இறுகிப் போனா கீழ் ஓரம் சுருங்கி வில்லு மாதிரி வளையும், அதனால செயின் மட்டும் 4.5 கொக்கியில போட்டுட்டு அப்புறம் 4க்கு மாறிக்கங்க. பேட்டர்ன் படிக்கிறப்ப ஒண்ணு, அமெரிக்கக்காரங்க சிங்கிள்னு சொல்றதை இங்கிலாந்துக்காரங்க டபுள்னு எழுதுவாங்க, பேட்டர்ன்ல எங்கயாவது சிங்கிள்னு இருந்தா அது அமெரிக்கக் கணக்கு.

கொக்கி அலுமினியமோ மூங்கிலோ வாங்குங்க. லேஸ் போடுற குட்டிக் கொக்கி எல்லாம் இரும்பு, நம்ம உப்புக் காத்துல துரு ஏறி வெள்ளை நூல்ல காவிக் கறை விழுந்தா போகவே போகாது.

பெருசா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பின்னி, அளந்து, துவைச்சு, காய வச்சு, திரும்ப அளந்து பாருங்க, காட்டன் முதல் துவைப்புல சுருங்கும், எவ்ளோன்னு தெரிஞ்சா அந்த அளவு கூட்டிப் போடலாம். சிவப்பு, கருநீலம் எடுத்தா சாயம் போகுதான்னும் அதுலயே தெரிஞ்சுரும், புள்ளை வாயில வச்சு சப்பும்ங்கிறதை மறக்காதீங்க. போர் தண்ணில துவைச்சா காட்டன் விறைச்சு அட்டை மாதிரி ஆயிரும், கடைசி அலசலாவது குடத்துல பிடிச்சு வச்ச காவிரித் தண்ணில அலசுங்க. ஈரத்தோட கொடியில தொங்க விடாதீங்க, ஈரக் காட்டன் பயங்கர கனம், தொங்கித் தொங்கி நீளமா இழுத்துரும், கட்டில்ல ஒரு துண்டை விரிச்சு அது மேல பரப்பி வைங்க, மொட்டை மாடியில வேண்டாம், காத்துல மண்ணு வந்து பின்னலுக்குள்ள உக்காந்துரும்.

நூல் எங்க வாங்குறதுன்னு அடுத்து கேப்பீங்க. ராம்நாட்லயும் ராமேஸ்வரத்துலயும் எனக்கு நல்ல காட்டன் சிக்குனது இல்ல, அக்ரிலிக் தான் குவிச்சு வச்சிருப்பாங்க. மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போறப்ப விளக்குத்தூண் பக்கம் தேடிப் பாருங்க, இல்லைன்னா ஆன்லைன் தான். எங்க வாங்குனாலும் மொத்தத்தையும் ஒரே தடவையா வாங்குங்க, லேபிள்ல லாட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒரே தடவையா சாயம் ஏத்துன நூலுக்கு ஒரே நம்பர், எல்லா உருண்டையிலயும் அது ஒண்ணா இருக்கான்னு கடையிலயே நின்னு பாருங்க. அப்புறமா போயி ஒரே ஒரு உருண்டை மட்டும் வாங்குனா அதே கலர் பேருல தான் குடுப்பாங்க, ஆனா பின்னி முடிச்சு வெளிச்சத்துல விரிச்சா நடுவுல ஒரு பட்டை தனியா தெரியும்.