உறைந்த மூளைத் திசுவில் தனிச்செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்கு (ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று பார்ப்பதற்கு) ஏன் உட்கருவை மட்டும் எடுக்கிறார்கள்? எங்கே தவறு நேரும்?

உறையும்போதே பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும். நீண்ட கிளைகள் கொண்ட நியூரானை அதன்பின் முழுசாகப் பிரிக்க வழியில்லை. உட்கரு மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். மூளை வங்கியில் மைனஸ் 80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் திசுவும் அதனால்தான் பயன்படுகிறது.

50 முதல் 100 மில்லிகிராம் போதும். உலர்பனி மேல் வைத்தே வெட்டுங்கள். உருகினால் ஆர்என்ஏ போச்சு. செல் சவ்வைக் கரைக்கும் 0.1% டிரைட்டானும், ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியை அடக்கும் ஆர்என்ஏஸ் தடுப்பானும் கலந்த குளிர்ந்த கரைசலில், திசுவை அரைக்கும் டௌன்ஸ் கண்ணாடிக் குழாயில், தளர்வான உலக்கையால் பத்துக் குத்து, இறுக்கமானதால் பத்துப் பதினைந்து. நுரை எழக்கூடாது. 40 மைக்ரான் வடிகட்டி, அப்புறம் உட்கருவை அடர்த்தியால் பிரிக்க அயோடிக்சனால் கரைசல் அடுக்கில் மையவிலக்குச் சுழற்சி. வெண்பொருள் அதிகமுள்ள துண்டில் நரம்பிழைகளின் கொழுப்புறையான மயலின் பிசுபிசுவென்று மிதக்கும். நீக்காவிட்டால், உட்கருக்களைத் தனித்தனித் துளிகளில் பிடிக்கும் சிப்பின் நுண்குழாய் அடைக்கும். ஏற்றுமுன் நுண்ணோக்கியில் பாருங்கள்: விளிம்பு பிசிறி, உட்கருக்கள் கொத்தாக ஒட்டியிருந்தால் டிரைட்டானில் அதிக நேரம் கிடந்திருக்கும். அதை ஏற்றுவது பண விரயம்.

உண்மையான தலைவலி கரைசலில் மிதக்கும் ஆர்என்ஏ. உடைந்த நியூரான்களிலிருந்து கசிந்தது எல்லாத் துளிகளிலும் புகுந்துவிடும். மயலினை உருவாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்லில் நியூரானுக்குரிய எஸ்என்ஏபி25 ஜீன் தெரிந்தால் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம், அது கசிவு. நோயுற்ற திசு அதிகம் உடைந்திருந்தால் கசிவின் அளவே நோயின் மாற்றம்போலத் தோன்றும். இந்தக் கசிவைக் கழிக்கும் செல்பெண்டர் அல்லது சூப்எக்ஸ் மென்பொருளை ஓட்டாமல் மேலே போகாதீர்கள். உட்கருவில் வெட்டி ஒட்டப்படாத ஆர்என்ஏ நிறைய இருப்பதால் இன்ட்ரான் (பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) வாசிப்புகளையும் எண்ணுங்கள். வாசிப்புகளை எண்ணும் மென்பொருளான செல் ரேஞ்சரில் 7ஆம் பதிப்புக்கு முன் அது தானாக நடக்காது.

அடுத்தது கணக்கு. ஒருவரிடமிருந்து எடுத்த 2,000 உட்கருக்கள் 2,000 தனித்தனிச் சான்றுகள் அல்ல. 2019இல் 'நேச்சர்' இதழில் வந்த அல்சைமர் ஆய்வில் 48 பேர், 80,660 உட்கருக்கள். 2023இல் வேறொரு குழு அதே தரவைத் தர வடிகட்டலையும் மாற்றி, உட்கருக்களை நபர்வாரியாகக் கூட்டி மறுபடி ஆராய்ந்தபோது, வேறுபட்டதாகத் தேறிய ஜீன்கள் 549 மடங்கு குறைந்தன. உட்கருக்களைப் பெருக்குவதைவிட நபர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நோயுற்றோர், நோயற்றோர் மாதிரிகளை ஒரே தொகுதியில் கலந்து ஏற்றுங்கள். தனித்தனி நாளில் ஓட்டினால் நாளின் வேறுபாட்டையும் நோயின் வேறுபாட்டையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

உங்கள் கேள்வி மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா தூண்டப்படுவது பற்றியது என்றால் மட்டும் உட்கரு சரிப்படாது. அவை தூண்டப்படும்போது எழும் ஏபிஓஇ, எஸ்பிபி1 போன்ற ஜீன்களின் ஆர்என்ஏ உட்கருவில் குறைவாகவே பிடிபடும். அதற்கு வலிப்பு அறுவையில் கிடைக்கும் புதுத் திசுதான் வேண்டும்.