ஓஷ் வரும் தம்பிக்கு: முதலில் ஆறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

“கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்கு மருத்துவம் படிக்க வருகிறேன். விடுமுறை நாட்களில் மலைக் கிராமங்களைப் பார்க்க ஆசை. ஆனால் வரைபடத்தைத் திறந்தால் ஒரே பெயர் ஆறாகவும் ஊராகவும் மாவட்டமாகவும் வருகிறது. எங்கே ஆரம்பிப்பது?” என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. நான் இங்கே நம் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். அரிசி, உருளைக்கிழங்கு, கறி, பால் எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்துதான் வருகின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஒரு பள்ளத்தாக்கு என்றால் அதில் ஓர் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு சாலை, சாலையோரம் வரிசையாகக் கிராமங்கள். ஆறு எது என்று தெரிந்துவிட்டால் ஊர் எந்தப் பக்கம், அதைத் தாண்டி எங்கே போகலாம் என்பது தானாகப் பிடிபடும்.

நிர்வாகப் பிரிவை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாகாணத்தை ஒப்லாஸ்ட் என்பார்கள். அதற்குள் ராயோன்கள், நம்மூர் தாலுகா மாதிரி. ராயோனுக்குள் சில கிராமங்களைச் சேர்த்து ஓர் அய்ல் ஒக்மோத்து, அதாவது ஊராட்சி. அண்மையில் பல சிறிய ஊராட்சிகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள், பழைய வரைபடம் இதற்கு உதவாது. ஓஷ் மாகாணத்தில் ஏழு ராயோன்கள்: காரா-சூ, அரவான், நோகாத், உஸ்கேன், காரா-குல்ஜா, அலாய், சோங்-அலாய். ஓஷ் நகரம் இதில் எதிலும் சேராது, தனி நிர்வாகம். ஆனால் நகரத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் காரா-சூ ராயோன். நகரின் ஓரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு பிடிக்கிறவர்கள், பதிவு செய்யும்போது முகவரி ஓஷா, காரா-சூவா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே பெயர் பல இடத்துக்கு இருப்பது உண்மைதான். கிஸில்-சூ என்பது அலாயில் ஓடும் பெரிய ஆறு. அதே பெயரில் வடக்கே இசிக்-குல் ஏரிப் பக்கம் ஒரு ராயோன் தலைநகர் இருக்கிறது. நாரின் என்றால் மாகாணமும் அதுதான், ஊரும் அதுதான், ஆறும் அதுதான். ஷேர் டாக்சியில் ஏறும் முன் ஊர்ப் பெயரோடு ராயோன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, ஆறுகளுக்கு வருவோம். ஓஷ் நகரின் நடுவே ஓடுவது அக்-பூரா. தெற்கே மலையில் பிறந்து, பாபான் அணையில் தேங்கி, சுலைமான் மலையைத் தாண்டி ஊருக்குள் வருகிறது. மேற்கே போனால் நோகாத். அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் கீழே சமவெளியில் அரவானுக்குப் பாய்கிறது. நோகாத் பக்கம் அப்ஷிர்-அதா அருவி இருக்கிறது, பாறையின் நடுவில் இருந்தே தண்ணீர் பீறிட்டு விழும். ஒரு நாளில் போய் வரலாம்.

கிழக்கே போனால் காரா-தார்யா. தார் ஆறும் காரா-குல்ஜா ஆறும் சேர்ந்து உண்டாவது இது. இதன் கரையில்தான் உஸ்கேன், ஓஷில் இருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காராகானிய அரசர்கள் காலத்துச் செங்கல் மினாரும் கல்லறை மண்டபங்களும் அங்கே நிற்கின்றன, 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பார்க்க வேண்டியவைதான். ஆனால் என்னைக் கேட்டால் உஸ்கேன் என்பது அரிசி. கையில் அள்ளினால் செம்மண் தூவியது போல இருக்கும். கழுவினால் முதல் தண்ணீர் பழுப்புச் சிவப்பாகப் போகும், நாலைந்து முறை அலசினாலும் மணியின் மேல் அந்தச் செங்கோடு நிற்கும். நல்ல கனமான மணி, நிறையத் தண்ணீர் குடிக்கும், குழையாது. பலாவ் என்கிற இந்த ஊர்ப் புலாவுக்கு இதை விட்டால் வேறு அரிசி இல்லை. நம் சாம்பாருக்கு ஒத்துவராது, அதற்கு வேறு அரிசி வாங்கிக்கொள்கிறேன். மலையில் இருந்து வரும் குளிர்ந்த தண்ணீரில் விளைகிற நெல் இது. நெல் வயலைப் பார்த்தால் நம் பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள்.

உஸ்கேனுக்குக் கீழே காரா-தார்யா ஆண்டிஜான் நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது, அது எல்லை. 2022இல் அந்த நீர்த்தேக்கம் பற்றிய உஸ்பெகிஸ்தான் ஒப்பந்தத்துக்கு இந்தப் பக்கம் கடும் எதிர்ப்பு எழுந்தது, கைதுகளும் நடந்தன. அந்தப் பேச்சு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்ல வேண்டாம். அணைப் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

இனி அலாய். முதல் நாளே உங்கள் கைக்கு வரும் 50 சோம் நோட்டில் ஒரு பெண்மணியின் படம் இருக்கும், குர்மன்ஜான் தத்கா, அந்த அலாய் மக்களை ஆண்டவர். ஓஷில் இருந்து தெற்கே ஒரு கணவாய் ஏறி இறங்கினால் குல்ச்சா, அலாய் ராயோனின் தலைநகர். குல்ச்சா ஆற்றோடு மேலே ஏறிக்கொண்டே போனால் 3,615 மீட்டரில் தால்திக் கணவாய். இந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வடக்குச் சரிவில் உருகும் பனி குல்ச்சா, குர்ஷாப் வழியாகச் சிர் தார்யாவுக்குப் போகிறது. தெற்குச் சரிவில் உருகுவது கிஸில்-சூவில் விழுந்து, தஜிகிஸ்தான் போய் வக்ஷ் என்று பெயர் மாறி, அமு தார்யாவில் கலக்கிறது. இரண்டுமே ஒரு காலத்தில் ஆரல் கடலை நிரப்பிய ஆறுகள். இன்று அந்தக் கடல் பெரும்பாலும் வற்றிக் கிடக்கிறது. மேலே நின்று இவ்வளவு தண்ணீரையும் பார்க்கும்போது மனம் கனக்கும்.

கணவாய்க்கு அப்பால் சாரி-தாஷ். அங்கே சாலை மூன்றாகப் பிரியும்: கிழக்கே சீன எல்லை, தெற்கே தஜிகிஸ்தான், மேற்கே சோங்-அலாயின் தாரோத்-கோர்கோன். மேற்கே போகும் வழியில் சாரி-மோகோல் கிராமம், எதிரே 7,134 மீட்டர் உயரமுள்ள லெனின் சிகரம். கோடையில் கிஸில்-சூ செம்மண் கரைசலாகவே ஓடும். ஒன்று கவனியுங்கள்: ஓஷ் சுமார் 1,000 மீட்டர், சாரி-தாஷ் 3,100க்கும் மேல். அரை நாளில் அவ்வளவு ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரலாம். முதல் நாள் ஓடியாடாமல் இருங்கள், தலைவலி கூடினால் உடனே கீழே இறங்குங்கள். எல்லை ஓரம் சில இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும், கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

ஆற்றில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் காவிரியிலும் தாமிரபரணியிலும் நீந்திய தைரியத்தில் இறங்கிவிடுகிறார்கள். இது பனி உருகிய தண்ணீர். முழங்கால் அளவுதான் இருக்கும், ஆனால் காலை இழுத்துவிடும், கொஞ்ச நேரத்திலேயே கை கால் மரத்துப்போகும். வெயில் காலத்தில் காலையில் எளிதாகத் தாண்டிய ஓடை, பகலெல்லாம் பனி உருகியதும் சாயங்காலம் தாண்ட முடியாதபடி பெருகியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் உஸ்கேன், காரா-குல்ஜா பக்கம் மண் சரியக்கூடிய மலைகளுக்கு அடியில் தங்கவே கூடாது. 2017 ஏப்ரலில் உஸ்கேன் ராயோனின் ஆயூ கிராமத்தில் மலை சரிந்து 24 பேர் மண்ணில் புதைந்து போனார்கள். மழை பெய்த மறுநாள் ஊர்க்காரர் “போகாதே” என்றால் அன்றைக்குப் பயணம் கிடையாது.

மக்களைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். சமவெளி ஊர்களில் உஸ்பெக் பேச்சு அதிகம், மலைக்கு ஏற ஏற முழுக்கக் கிர்கிஸ். வயதில் மூத்தவரை பாய்கே (அண்ணன்), எஜே (அக்கா) என்று உறவு வைத்துக் கூப்பிட்டால் போதும், வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பார்கள். ரொட்டியைத் தலைகீழாக வைக்காதீர்கள். தேநீர்க் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள், அது மரியாதை, குறையாக நினைக்க வேண்டாம். பல வீடுகளில் இளவட்டங்கள் ரஷ்யாவில் வேலையில் இருப்பார்கள். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான் உங்களை வரவேற்பார்கள். ஜூன் முதல் அவர்களில் பலர் ஆடு, குதிரைகளோடு ஜைலோ என்ற மேட்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவார்கள், அப்போது கிராமம் காலியாக இருக்கும்.

நீங்கள் வருவது இலைகள் பழுக்கிற மாதம். முதலில் உஸ்கேன் போங்கள், அடுத்து நோகாத். அலாயை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் பனி விழுந்து கணவாய் அடைபடுவது உண்டு. அதற்குள் ரஷ்ய எழுத்துக்களைப் படிக்கப் பழகிவிடுங்கள், டாக்சி நிலையத்தில் ஊர்ப் பலகையெல்லாம் அதில்தான் இருக்கும்.