பட்டறைப் பதில்கள்: மருந்துக்கு முன்னால் குழலை அளவுங்கள்

கேள்வி: ஐயா, அக்காவின் மகன் கனடாவில் அல்பேர்ட்டாவில் இருக்கிறார். அண்மையில் .45-70 றைபிள் ஒன்று வாங்கினார். ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடுகிற வகை. கடைத் தோட்டா கட்டுபடியாகாது என்று தானே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, கோதுகளை நிறைக்கத் தொடங்கியிருக்கிறார். அச்சு புதிது, 405 கிரெய்ன் குண்டு. 50 யார் தூரத்திலேயே குண்டுகள் நாலா பக்கமும் சிதறுகின்றனவாம். குழலுக்குள் ஈயம் அப்புகிறதாம். வெடிமருந்தைக் கூட்டவா, குறைக்கவா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு வயலும் மாடும்தான் தெரியும். என்ன சொல்ல?
– ஒரு தாய்மாமன், ஒட்டுசுட்டான்

பதில்: மருந்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். நான் கல்கரியில் கடைசல் பட்டறையில் வேலை செய்த காலத்தில் சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போவேன். புதுத் துவக்கோடு வருகிற பொடியள் முதலில் கேட்பது எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்றுதான். குழலின் உள்ளளவு என்னவென்று திருப்பிக் கேட்டால் விளம்பரத் தாளில் இருக்கிற எண்ணைச் சொல்வார்கள். அளந்து பார்த்தவர் மிகக் குறைவு. உங்கள் மருமகனும் அளந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் வாங்கியது நல்ல சாமான். .45-70 தோட்டாவை அமெரிக்க இராணுவம் 1873இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் துவக்குக்காக எடுத்துக்கொண்டது. .45 என்பது அங்குலத்தில் குழலின் பருமட்டான அளவு, 70 என்பது கரிமருந்தின், அதாவது பழைய வகை வெடிமருந்தின், கிரெய்ன் நிறை. அன்றைக்குப் போட்டதும் இதே 405 கிரெய்ன் ஈயக்குண்டுதான். நம் கணக்கில் 26 கிராமுக்குச் சற்று மேல்; ஒரு இறாத்தல் ஈயத்தில் 17 குண்டு வரும். ஈயக்குண்டுக்கென்றே பிறந்த தோட்டா இது. அது சரியாகச் சுடவில்லையென்றால் பெரும்பாலும் பிழை அளவில் இருக்கும்.

முதல் வேலை இது. துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். குழலைவிடச் சற்றுப் பெரிய சுத்த ஈய உருண்டை ஒன்றை, தூண்டில் ஈயமானாலும் சரி, வாய்ப்பக்கமாக வைத்து மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, பிறகு குழலை உரசாத ஒரு கம்பியால் மெதுவாக மறுபக்கம் வரை தள்ள வேண்டும். தள்ளும்போது கை சொல்லும்: எங்கே இறுக்கம், எங்கே திடீரென்று இளகுகிறது என்று. நடுவில் இளகினால் அந்த இடத்தில் குழல் அகன்றிருக்கிறது. வெளியே வந்த ஈயத்தில் குழலின் தவாளிப்புகள், அதாவது உள்ளே வெட்டிய சுருள் பள்ளங்கள், அப்படியே பதிந்திருக்கும். அதன் கூடிய விட்டத்தை மைக்ரோமீற்றரால் எடுக்க வேண்டும். சாதாரண வேர்ணியர் இதற்குப் போதாது. ஆயிரத்தில் ஒரு அங்குலம் இங்கே பெரிய சங்கதி. தவாளிப்புகள் ஆறு, எட்டு என்று இரட்டைப் படையாக இருந்தால் எதிரெதிரே பிடித்து அளக்கலாம். ஐந்தோ ஏழோ என்றால் மேட்டுக்கு எதிரே பள்ளம் வரும். சாதாரண மைக்ரோமீற்றர் குறைத்துக் காட்டும். அதற்கு வீ வடிவ அடி வைத்த மைக்ரோமீற்றர் வேண்டும். அவரிடம் இல்லையென்றால் ஒரு பட்டறையில் கொடுத்து அளப்பிக்கட்டும்.

வார்த்த குண்டு அந்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். குழல் .458 என்றால் குண்டு .459 அல்லது .460. குறைவாக இருந்தால் வெடிக்கிற வாயு குண்டின் பக்கத்தால் பீறிட்டுக் கொண்டு முன்னுக்கு ஓடும். அந்தச் சூட்டில் குண்டின் விலா அரிந்து, அரிந்த ஈயம் குழலில் ஒட்டும். அடுத்த குண்டு அந்த ஒட்டின் மேலேறி இன்னும் கெடும். சிதறலும் ஈயம் அப்புவதும் சேர்ந்து வருவது அதனால்தான்.

அச்சில் .459 என்று போட்டிருக்கிறதே என்று அவர் சொல்லலாம். அச்சுக்காரர் அந்த எண்ணைக் குறிப்பிட்ட ஒரு கலவைக்காகப் போடுகிறார். வழக்கமாக ஈயம் 90, வெள்ளீயம் 5, அந்திமனி 5 வீதம். அதே அச்சில் சுத்த ஈயத்தை ஊற்றினால் ஆறும்போது கூடச் சுருங்கிக் குண்டு சிறுக்கும். பழைய அச்சுக்கோப்பு ஈயத்தை, அதாவது அந்திமனி 12 வீதம் உள்ள லைனோடைப் கலவையை ஊற்றினால் பெருக்கும். ஆகவே ஆறிய குண்டையே அளக்க வேண்டும்.

ஈயம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒரு சிறு வெளிச்சம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டா அறைக்கு முன்னால், குழல் தொடங்குகிற இடத்தில் என்றால் குண்டு சிறிது என்பதற்கு அது ஏறத்தாழச் சாட்சி. வாய்ப்பக்கம் மட்டும் என்றால் குண்டில் பூசிய மெழுகு வழியிலேயே தீர்ந்துபோகிறது. மெழுகுக்குத் தேன்மெழுகும் அலொக்ஸ் என்கிற எண்ணெய்ப் பசையும் சரிபாதி கலப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம், இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. நம் வன்னிக் காட்டுத் தேன்கூட்டு மெழுகை ஒரு பொட்டலம் அனுப்பி வையுங்கள், தம்பி சந்தோசப்படுவார்.

அடுத்தது குண்டின் கடினத்தன்மை. ஈயம் ஒட்டினால் உடனே எல்லோரும் சொல்லுகிற வைத்தியம் குண்டை இன்னும் கடினமாக்கு என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலோகத்தின் கடினத்தைப் பிரினெல் என்கிற எண்ணால் அளப்பார்கள்: சுத்த ஈயம் 5, ஈயம் இருபதுக்கு வெள்ளீயம் ஒன்று சேர்த்தால் 10 அளவில், லைனோடைப் 22 அளவில். .45-70 போன்ற மெதுவான, அழுத்தம் குறைந்த தோட்டாவில் 22 கடினக் குண்டைப் போட்டால் அதன் அடி விரிந்து குழலை அடைக்க அழுத்தம் போதாது. வாயு பழையபடி பக்கத்தால் பாயும், ஈயம் பழையபடி ஒட்டும். இருபதுக்கு ஒன்று கலவையோடு தொடங்கட்டும். வெள்ளீயம் விலை கூடியது, ஆனாலும் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்ப அது வேண்டும். பழைய ரயர் பலன்ஸ் கட்டிகளை உருக்குவதானால் நாகக் (துத்தநாகக்) கட்டிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், நாகம் 419இல். சூட்டை 400க்குக் கீழே வைத்திருந்தால் நாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். கலந்துவிட்டால் அந்தப் பானை முழுதும் வீண். ஊற்றினால் கூழ்போல வரும்.

வார்த்தபின் குண்டின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். அடியின் ஓரம் கூர்மையாக, முழு வட்டமாக இருக்க வேண்டும். மூக்கில் சிறு பள்ளம் இருந்தால் பரவாயில்லை. அடியில் ஒரு மூலை உருண்டிருந்தால் குழலை விட்டு வெளியேறுகிற கணத்தில் வாயு ஒருபக்கம் முந்திப் பாய்ந்து குண்டைத் திருப்பிவிடும். பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் வேண்டுமென்றே பழுதாக்கிய குண்டுகளைச் சுட்டுப் பார்த்து 1909இல் இதை எழுதிவைத்தார். அடி பழுதான குண்டு பானைக்குள் திரும்பப் போக வேண்டும். இதில் இரக்கம் கூடாது. குண்டின் உடம்பு சுருக்கம் சுருக்கமாக வந்தால் அச்சு இன்னும் சூடேறவில்லை அல்லது எண்ணெய் இருக்கிறது. பனி படிந்ததுபோல் மங்கி வந்தால் சூடு கூடிப்போச்சு. அளவு சரியென்றால் அதைச் சுடலாம்.

கோதின் வாயையும் சற்று விரிக்க வேண்டும். விரிக்காமல் குண்டை இறக்கினால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும். அளவு பார்த்து வார்த்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

இப்போதுதான் மருந்து. எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன். மருந்துக் கொம்பனிகளும் அச்சுக் கொம்பனிகளும் வெளியிடுகிற கைந்நூலைப் பார்த்துத்தான் நிறைக்க வேண்டும், அதுவும் வார்த்த குண்டுக்கென்று போட்ட பக்கத்தை. .45-70க்கு அந்த நூல்களில் மூன்று பட்டியல் இருக்கும்: பழைய ட்ராப்டோர் போன்ற பலம் குறைந்த துவக்குக்கு ஒன்று, வின்செஸ்ரர் 1886, மார்லின் 1895 போன்ற லீவர் வகைக்கு ஒன்று, ரூகர் நம்பர் 1 போன்ற உறுதியானதற்கு ஒன்று. தோட்டா மூன்றுக்கும் ஒன்றே. மூன்றாம் பட்டியலைப் பார்த்து நிறைத்ததை முதலாம் வகைத் துவக்கில் போட்டால் துவக்கே முகத்துக்கு முன்னால் வெடிக்கலாம். தன்னுடையது எந்த வகை என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்கட்டும். பிறகு பட்டியலின் தொடக்க அளவில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். மருந்தை மாற்றுகிற அன்று மெழுகை மாற்றக்கூடாது. மூன்று வெடி ஒரே இடத்தில் விழுந்ததைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. மூன்று தற்செயலாய் விழும். பத்து வெடி வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கலவையின் குணம் தெரியும்.

இன்னொன்று, இதை அவர் மறக்கவே கூடாது. இந்தக் கோது 70 கிரெய்ன் கரிமருந்துக்காகச் செய்தது. இக்காலப் புகையில்லா மருந்து அதில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்கும். தெரியாமல் இரண்டு தரம் ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. எல்லாக் கோதுகளையும் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்க முன்னர் ரோர்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரம் போனும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

கேள்வி: ஐயா, பன்றியும் முள்ளம்பன்றியும் பயிரைத் தின்று தீர்க்கின்றன. என்னிடம் அனுமதிப் பத்திரத்தோடு 12 போர் ஒற்றைக் குழல் துவக்கு இருக்கிறது. தோட்டா கிடைப்பது கஷ்டம். பழைய பற்றரி ஈயமும், காணி துப்புரவாக்கும்போது பொறுக்கிய ரவைகளும் ஒரு வாளி இருக்கின்றன. உருக்கிச் சன்னம் செய்து நானே நிறைக்கலாமா?
– விவசாயி, நெடுங்கேணி

பதில்: வேண்டாம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு இரவில் பன்றி உழுத வளவை விடியப் பார்க்கிற வயிற்றெரிச்சல் வெளியாருக்கு விளங்காது. ஆனாலும் வேண்டாம்.

மேலே சொன்ன தம்பி இருக்கிற நாட்டில் உரிமம் உள்ளவர் தன் பாவனைக்குத் தோட்டா நிறைக்க இடமுண்டு. மருந்து, கோது, கைந்நூல் எல்லாம் கடையில் இருக்கும். இங்கே இலங்கையில் உங்கள் பத்திரம் 1916ஆம் ஆண்டுத் துவக்குக் கட்டளைச் சட்டத்தின் கீழ் துவக்கு வைத்திருக்கத் தந்தது. வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்துக்குள் வரும், அது வேறு அனுமதி. ஒரு குப்பி மருந்து வீட்டில் பிடிபட்டால் பத்திரமும் போய் நீங்களும் மறியலுக்குப் போவீர்கள். தோட்டாத் தட்டுப்பாட்டை எழுத்தில் மாவட்டச் செயலகத்துக்குக் கொடுங்கள். கமக்கார அமைப்பு மூலமாகப் பலர் கையெழுத்தோடு கொடுத்தால் இன்னும் நல்லது.

சட்டத்தைவிட எனக்குப் பயம் அந்த வாளி. வெடிக்காத ரவையைத் தாச்சியில் போட்டால் அது வெடிகுண்டு. சுட்டு முடிந்த ரவை என்று நீங்கள் நினைப்பதிலும் சிலவற்றின் உள்ளே தீப்பற்றுகிற கலவை இருக்கும், இரவில் ஒளிக்கோடு காட்டுகிற வகைகள் அப்படித்தான். பலவற்றுக்குள் இருப்பது ஈயமே இல்லை, உருக்கு. நம் மண்ணில் பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் இழந்தவர்களை நீங்களும் அறிவீர்கள். வாளியை இனித் தூக்க வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவியுங்கள்.

பற்றரி ஈயமும் ஆகாது. தட்டுகளில் அமிலமும் ஈய ஒட்சைட்டுத் தூளும் இருக்கிறது. இக்கால பற்றரிகளில் கல்சியமும், சிலவற்றில் ஆர்செனிக்கும் அந்திமனியும் உண்டு. அவை சேர்கிற விதத்தில் ஆளைக் கொல்லுகிற வாயு வரலாம். தம்பி மாதிரி முறையாக வார்க்கிறவர்களே பற்றரி ஈயத்தைத் தொடுவதில்லை.

கேள்வி: வலைக்கு ஈயக்குண்டு நாங்களே வார்க்கிறோம். துவக்குச் சங்கதி இல்லை. இதிலும் ஆபத்து உண்டா?
– கடற்றொழிலாளி, முல்லைத்தீவு

பதில்: உண்டு, கையாளலாம். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர நின்று வாருங்கள். மணல் அச்சு ஈரமாக இருக்கக்கூடாது; ஒரு துளி தண்ணீர் உருகிய ஈயத்துக்குக் கீழே போனால் ஆவியாகிச் சட்டியையே எறியும். மழைத் தூறலில் இந்த வேலை வேண்டாம். முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போடுங்கள். குண்டைப் பல்லால் கடித்து வலையில் இறுக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், குறட்டால் இறுக்குங்கள்.

உருக்கிய தாச்சி குசினிக்குள் திரும்பப் போகவே கூடாது. மேலே படிகிற சாம்பல்தான் மோசம். அதைத் தகரத்தில் போட்டு மூடுங்கள், முற்றத்தில் கூட்டித் தள்ள வேண்டாம். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவி, சாரத்தை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தச் சாரத்தை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம்.