ஸ்பெயினின் செவியா நகரில் உள்ளூர்க்காரர்கள் போகும் சின்ன தபாஸ் பாரில், அதாவது பானத்தோடு சின்னச் சின்னத் தட்டுகளில் உணவு தரும் கடையில், எப்படிச் சாப்பிடுவது?

முதலில் நேரம். ஸ்பெயினில் மதியச் சாப்பாடே இரண்டு மணிக்கு மேல்தான். இரவு எட்டு மணிக்கு முன்னால் போனால் பல இடங்களில் சமையலறையே திறந்திருக்காது. மேசைக்குக் காத்திருக்காமல் நேராகக் கவுன்டரில் போய் நின்றுகொள்ளுங்கள். அங்கே நின்றபடி சாப்பிடுவதில்தான் சுகம்.

ஒரே உணவு பெரும்பாலும் மூன்று அளவுகளில் கிடைக்கும்: தபா என்றால் சின்னத் தட்டு, மெதியா ரசியோன் அதைவிடப் பெரிது, ரசியோன் முழுத் தட்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பானம், ஒன்றிரண்டு தபா, முடிந்ததும் அடுத்தது. ஸ்பெயினின் இன்னொரு நகரமான கிரனாடாவில் பானத்தோடு தபா இலவசமாக வரும். செவியாவில் பொதுவாகக் காசுதான்.

எதைக் கேட்பது? யோசிக்காமல் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் கேளுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு குழைய வெந்திருக்கும். ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவு ருசி.

அப்புறம், ஒவ்வொரு தட்டுக்கும் பணத்தை நீட்ட வேண்டாம். 1670-இல் தொடங்கிய எல் ரின்கோன்சியோ மாதிரி பழைய கடைகளில் உங்கள் கணக்கைக் கவுன்டர் பலகையிலேயே சாக்பீஸால் எழுதிக்கொண்டே வருவார்கள். கிளம்பும்போது கேட்டால் கூட்டிச் சொல்வார்கள்.