பாட் கேலி பேசலாமா?

கேள்வி: சிறிய மென்பொருள் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாராவது புல் ரிக்வெஸ்ட் (தம் மாற்றங்களைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டவுடன் வேடிக்கையான கமெண்ட் ஒன்றைத் தானாகவே எழுதும் பாட் (தானியங்கி நிரல்) இருந்தால், ஒருவர் நிரலை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் நிலவும் இறுக்கம் குறையும் என்று நினைக்கிறேன். எங்கள் டீம் லீடர் தயங்குகிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆனால், பிழையைச் சுட்டும் கமெண்டில் மட்டும் வேடிக்கை வேண்டாம். சி மொழி நிரல்களில் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டுவதற்காக ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் பெல் ஆய்வகத்தில் எழுதிய 'லின்ட்' முதல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான இன்றைய ஈஎஸ்லின்ட் வரை, இவ்வகைக் கருவிகளின் பெரிய பலமே அவற்றுக்கு முகம் இல்லை என்பதுதான். "இந்த மாறி (வேரியபிள்) எங்கும் பயன்படுத்தப்படவில்லை" என்று மூத்தவர் எழுதினால் சுருங்கிப்போகும் புதியவர், அதையே கருவி எழுதும்போது திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். அந்த வரியில் கேலியைச் சேர்த்த மாத்திரத்தில், நம்மில் யார் இதை எழுதி வைத்திருப்பார்கள் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். உங்கள் டீம் லீடரின் தயக்கமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் தேறிவிட்ட தருணம் வேடிக்கைக்கு உகந்தது. ஆயிரம் வரிகளைத் தாண்டிய புல் ரிக்வெஸ்டுக்கு, "இதைப் படித்து முடிப்பதற்குள் பாலாற்றில் தண்ணீரே வந்துவிடும்" என்று பாட் எழுதலாம். அது எழுதியவரின் திறமையை அல்ல, படிப்பவரின் அவதியைப் பற்றிய கேலி. எனினும் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய நாட்களில் அந்த வரி சற்றும் எடுபட்டிருக்காது. நம் வேலூரைப் பற்றி "நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்" என்று தொடரும் பழைய கிண்டலையும், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்ட பிறகும், சிலர் விடாமல் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்! மனிதராவது எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து நிறுத்திக்கொள்வார்; பாட் நிறுத்தாது. ஆகவே வரிகளை அவ்வப்போது மாற்றுங்கள். வாடிக்கையாளரின் தளம் முடங்கிக் கிடக்கும்போது அவசரமாகப் போடும் திருத்தங்களுக்கு ஒரு லேபிள் வைத்து, அந்த லேபிள் இருந்தால் பாட் வாய் திறக்காதபடி அமையுங்கள்.

கிட்ஹப்பின் தானியக்க வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புல் ரிக்வெஸ்டுக்கென எழுதப்படும் வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்), வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், அது திறக்கப்படும்போது மட்டுமின்றி அதில் புதிய மாற்றங்களை ஏற்றும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓடும் என்பதால், ஒரே வேடிக்கை திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும். திறக்கும்போது மட்டும் ஓடச் செய்யுங்கள். அல்லது 'டேஞ்சர்' என்ற கருவியைப் போல, முன்பு எழுதிய கமெண்டையே திருத்தும்படி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் திறந்தமூல நிரலுக்கு வெளியாட்கள் தங்கள் ஃபோர்க்கிலிருந்து (அந்த நிரலின் தனி நகலிலிருந்து) அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகளில் மட்டும் பாட் கமெண்ட் எழுதுவதில்லையே, ஏன்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கு வழக்கமாகப் படிக்க மட்டுமே அனுமதிக்கும் டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கப்படுகிறது, கமெண்ட் எழுத அது போதாது. வொர்க்ஃப்ளோவை ஓடச் செய்ய 'புல் ரிக்வெஸ்ட் டார்கெட்' என்ற நிகழ்வைப் பயன்படுத்தினால் எழுதும் உரிமை கிடைக்கும், உங்கள் ரகசியச் சாவிகளும் அந்த வொர்க்ஃப்ளோவுக்குக் கிடைக்கும். ஆதலால் அதில் கமெண்ட் மட்டும் எழுதுங்கள். வெளியாள் அனுப்பிய நிரலை அங்கே இறக்கி ஓட்டாதீர்கள்.