அனிட்டா பிளேக் நாவல்கள்: எதில் தொடங்கி எங்கே நிறுத்துவது?

கேள்வி: அமானுஷ்ய த்ரில்லர், துணிச்சலான நாயகி என்று தேடினால் லாரல் கே. ஹாமில்டனின் அனிட்டா பிளேக் வரிசையைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டித் தீர்க்கிறார்கள். யாரை நம்பி வாங்குவது?

இருவரையும் நம்பலாம். அவர்கள் பேசுவது வேறு வேறு புத்தகங்களைப் பற்றி. கருத்து சொல்பவர் எத்தனையாவது நாவலைப் படித்துவிட்டுச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒன்பதாவது வரை ஒரு கணக்கு, பத்தாவதிலிருந்து வேறு கணக்கு.

முதல் நாவல் 'கில்ட்டி பிளெஷர்ஸ்' 1993இல் வந்தது. கதை நடப்பது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில். அங்கே ரத்தக்காட்டேரிகளும் சட்டப்படி குடிமக்கள். நினைத்த மாத்திரத்தில் அவர்களைக் கொன்றால் அது கொலைக்குற்றம். அனிட்டாவுக்கு இறந்தவர்களை எழுப்புவதுதான் வேலை, அதுவும் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு. குற்றம் செய்த காட்டேரிகளுக்குச் சட்டப்படி மரண தண்டனை நிறைவேற்றும் உரிமமும் வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளிடமே காட்டேரிகள் வந்து, தங்கள் இனத்தாரைக் கொல்வது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள்.

24 வயது, ஐந்தடி மூன்று அங்குலம். எதிராளிகள் எல்லாருமே அவளைவிட பலசாலிகள், அது அவளுக்கே தெரியும். அதனால் காட்டேரியின் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறாள், வெள்ளித் தோட்டா இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. பயப்படுகிறாள், பயந்துகொண்டே வேலையை முடிக்கிறாள். ஆரம்ப கால வாசகர்கள் கொண்டாடியது இந்தத் துணிச்சலைத்தான்.

இரண்டாவது நாவல் 'தி லாஃபிங் கார்ப்ஸ்' (1994) இன்னும் நல்ல உதாரணம். பிணம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பெரிய பலி வேண்டும் என்பது இந்த உலகத்தின் விதி. அண்மையில் இறந்தவருக்குக் கோழி போதும், பழைய பிணத்துக்கு ஆடு. ஒரு பணக்காரன் பத்து லட்சம் டாலர் தருகிறேன், 283 வருடத்துக்கு முன் செத்தவனை எழுப்பு என்கிறான். அவ்வளவு பழைய பிணத்துக்கு மனிதப் பலி வேண்டும். அனிட்டா முடியாது என்று சொல்லிவிடுகிறாள். நாவல் முழுவதும் அந்த மறுப்பிலிருந்து கிளம்பும் சிக்கல்தான். சக்திக்கு விலை உண்டு, அந்த விலையைத் தர அவள் தயாரில்லை. த்ரில்லர் விறுவிறுப்பாக ஓட இதுவே போதும்.

பத்தாவது நாவல் 'நார்சிஸஸ் இன் செயின்ஸ்' (2001) சக்திக்கு விலை உண்டு என்ற இந்த விதியைத் தளர்த்துகிறது. 'ஆர்டூர்' (ardeur) என்ற காமப்பசி அனிட்டாவைப் பற்றிக்கொள்கிறது. உடலுறவின் மூலமே அதைத் தணிக்க முடியும். பக்கங்கள் அங்கே போகப் போக, கொலை விசாரணை ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. முன்பு இடுக்கில் மாட்டினால் யோசித்துத் தப்பியவளுக்கு இப்போது புதிய சக்தி ஒன்று வந்து கைகொடுக்கிறது. அவள் விருப்பம் என்ன என்ற கேள்வியே அந்தப் பசிக்கு முன்னால் மங்கிப்போவதுதான் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுகிறது. 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவள் என்பதால்தானே அவளை நமக்குப் பிடித்தது?

மற்ற பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் எதிரிகளாகவோ பலவீனர்களாகவோ வருகிறார்கள் என்ற புகாரும் நியாயமானது. பிந்தைய நாவல்களை விரும்புகிறவர்கள் தேடுவது துப்பறிதலை அல்ல, ஒரே நேரத்தில் பலரோடு அவளுக்கு உள்ள உறவுகளின் சிக்கலை. அது அவர்களுக்குக் கிடைக்கிறது, அவர்கள் சொல்வதிலும் பொய் இல்லை.

வாங்கும் வரிசை: 1, 2, 3, 4, 6, 9. மூன்றாவதில்தான் ஓநாய் மனிதன் ரிச்சர்ட் அறிமுகம். அவன் கூட்டத்து அரசியல் நான்காவதில் விரிகிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆறாவதைப் படித்தால் பாதிதான் புரியும். இரண்டாவது முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், இந்த வரிசை உங்களுக்கானது இல்லை.

ஒன்பதாவது நாவலான 'அப்ஸிடியன் பட்டர்ஃபிளை'யை (2000) பலர் சிறந்தது என்பார்கள். அதற்காக அதிலிருந்து தொடங்காதீர்கள். கதை நியூ மெக்சிகோவுக்கு நகர்ந்து, கூலிக்குக் கொல்லும் எட்வர்டின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைகிறது. 1, 3, 6 மூன்றிலும் அவனைப் பார்த்து நடுங்கியவர்களுக்குத்தான் அவன் வீட்டு வாசலில் அனிட்டா அடையும் திகைப்பு புரியும். தோலுரிக்கப்பட்டும் உயிரோடு கிடப்பவர்களை அதில் விரிவாக வர்ணித்திருக்கிறார். ரத்தக் காட்சிகள் ஒத்துவராதவர்கள் ஆறாவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.