பென்னியைப் புளி போட்டுத் துலக்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா லண்டன், லிவர்பூல் துறைமுகங்களிலிருந்து கொண்டுவந்த காசுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எங்கள் வீட்டில் இருக்கின்றன. ராணி தலை, ராஜா தலை போட்டவை. செம்புக் காசுகள் பெரும்பாலும் கறுத்துவிட்டன. வெள்ளி போலத் தெரியும் பெரிய காசு ஒன்றில் ஆண்டே இல்லை. 1887 என்று போட்ட சின்னக் காசு ஒன்று தங்க நிறத்தில் இருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்கிறார் அம்மா. பழைய பென்னி லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். விற்கும் எண்ணம் எனக்கில்லை. இவற்றை அடையாளம் கண்டு, முறையாகச் சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கா., தூத்துக்குடி

அன்புள்ள கா.,

முதலில் அம்மாவிடம் சொல்லிப் புளியை அடுப்படியிலேயே இருக்கவிடுங்கள். விபூதி, பல்பொடி, எலுமிச்சை, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். புளியின் அமிலம் வெண்கலத்தின் மேல்தோலைக் கரைத்து எடுத்துவிடும். அடியில் வரும் இளஞ்சிவப்பு அச்சடித்தபோது இருந்த நிறமல்ல, அரிக்கப்பட்ட உலோகத்தின் நிறம். பழகியவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், காசின் மதிப்பும் அதோடு போய்விடும். விபூதியால் தேய்த்த வெள்ளியில் மயிரிழைக் கீறல்கள் விழும். லென்ஸ் வைத்தால் எல்லாம் ஒரே திசையில் ஓடுவது தெரியும்.

இன்னொன்று, உங்கள் கறுத்த காசுகளில் சில, காசு அச்சடிக்கும் ஆலையான அக்கசாலையிலேயே கறுப்பாக்கப்பட்டவையாக இருக்கலாம். ஃபார்த்திங் என்ற கால் பென்னி 20 மி.மீ. அகலம், அரை சாவரின் தங்கக் காசு 19.3 மி.மீ. புது ஃபார்த்திங்கைத் துலக்கித் தங்கம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக 1897 முதல் இருபது ஆண்டுகள்போல அதற்கு ரசாயனக் கறுப்பு ஏற்றியே வெளியிட்டார்கள். 1944 முதல் 1946 வரையான பென்னிகளும் அப்படித்தான். அந்தக் கறுப்பைத் துலக்குவது அக்கசாலை செய்த வேலையை அழிப்பதாகும்.

வாங்க வேண்டியவை நான்கு: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு காந்தம். 1971இல் தசம முறை வருவதற்கு முந்தைய பழைய கணக்குப் பிரிட்டிஷ் காசு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது 1992 முதல் வந்த, முலாம் பூசிய இரும்புக் காசு, வேறு நாட்டுக் காசு, இல்லையென்றால் போலி. ஆண்டைப் படிப்பதற்கு முன் எடையையும் விட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் பாதி அறிவு அந்த நோட்டில்தான் சேரும்.

அடுத்து, நாடு பிரியுங்கள். ராஜா தலை இருப்பதாலேயே அது பிரிட்டன் காசாகிவிடாது. இந்திய ரூபாயிலும் அணாவிலும் அதே தலை உண்டு. ‘இண்டியா’ என்ற சொல்லைத் தேடுங்கள். மரம் ஒன்றும் அதன் பக்கங்களில் சிங்கள, தமிழ் எழுத்தும் இருந்தால் இலங்கைச் சதம். ஆஸ்திரேலியப் பென்னிதான் அதிகம் ஏமாற்றும்: பிரிட்டிஷ் பென்னியின் அதே அளவு, அதே ஐந்தாம் ஜார்ஜ், ஆனால் இங்கே கிரீடத்தோடு. அதில் சூலமும் கேடயமுமாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா, அதாவது பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம், இருக்காது. ‘1923 பென்னி கிடைத்துவிட்டது, பட்டியலிலேயே இல்லை’ என்று குதிப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். பிரிட்டனில் 1923, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் பென்னி அடிக்கவே இல்லை.

மீதிக் காசுகளுக்குப் பணக்கணக்கு தெரிய வேண்டும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆகவே பவுண்டுக்கு 240 பென்னி. 1971 பிப்ரவரி 15 அன்றுதான் நூறு பென்னிக் கணக்கு வந்தது. வெள்ளி வரிசையில் எடை மதிப்போடு சேர்ந்தே ஏறும்: ஆறு பென்ஸ் 2.83 கிராம், ஷில்லிங் 5.66, இரண்டு ஷில்லிங்கான ஃப்ளோரின் 11.31, இரண்டரை ஷில்லிங்கான அரை கிரவுன் 14.14, ஐந்து ஷில்லிங்கான கிரவுன் 28.28. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் விக்டோரியா காலத்து வெள்ளிக் காசுகள் பலவற்றில் மதிப்பே எழுதியிருக்காது. 1887 முதல் 1890 வரை மட்டும் வந்த இரட்டை ஃப்ளோரினைக் கிரவுன் என்று இன்றும் விற்கிறார்கள், தெரியாமலும் தெரிந்தும். தராசில் வைத்தால் 22.62 கிராம் காட்டும், பேச்சு முடிந்தது.

வெள்ளியா என்பதை ஆண்டு சொல்லும். 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறி, காசின் முகமதிப்பையே தாண்டியதால் 1920 முதல் 50 சதவீதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித்தர வேண்டியிருந்ததால் 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பு-நிக்கல் கலவை. மூன்று காலத்திலும் எடையை மாற்றவில்லை என்பதால் தராசு மட்டும் இங்கே உதவாது. நிறம் கொஞ்சம் உதவும். பாதி வெள்ளிக் காசு தேயத் தேய மேடான இடங்களில் மஞ்சள் கலந்த பழுப்பு தட்டும். அதை முலாம் போன போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆண்டில்லாத உங்கள் காசு அநேகமாக ‘காதிக்’ ஃப்ளோரின். ஆண்டு அதிலேயே இருக்கிறது, ரோமன் எண்ணில். 1851 முதல் 1887 வரை இந்த வகையில் தலையைச் சுற்றி ஓடும் எழுத்தின் கடைசியில், பழைய தேவாலய எழுத்து வடிவில் ஆண்டைப் பொறித்தார்கள். எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து, வி ஐந்து, ஐ ஒன்று. ‘எம்டிசிசிசிஎல்எக்ஸ்எக்ஸ்ஐஐஐ’ என்றால் 1873. ராணி கிரீடம் சூடியிருக்கிறாளா, பின்பக்கம் ‘பவுண்டில் பத்திலொன்று’ என்று பொருள்படும் ஆங்கில வரி இருக்கிறதா, எடை 11.3 கிராமை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் அதேதான்.

தங்க நிறக் காசுக்கு வருகிறேன். 1887இல் விக்டோரியாவின் பொன்விழாவுக்காக வந்த ஆறு பென்ஸும் பத்து ஷில்லிங் மதிப்புள்ள அரை சாவரினும் ஒரே அகலம். தலை ஒன்று, பின்பக்கக் கேடயமும் கிட்டத்தட்ட ஒன்று. மதிப்பை எழுதாமல் விட்டார்கள். லண்டனில் சிலர் ஆறு பென்ஸுக்குத் தங்க முலாம் பூசிப் பத்து ஷில்லிங் காசாகத் தள்ள ஆரம்பித்ததும் அந்த ஆண்டிலேயே கேடயத்தை எடுத்துவிட்டு, இலை வளையத்துக்குள் மதிப்பை எழுதினார்கள். உங்களுடையது தராசில் 3.99 கிராம் காட்டினால் அரை சாவரின், 2.83ஐ ஒட்டி வந்தால் முலாம் பூசிய ஆறு பென்ஸ். இரண்டாவதாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், 130 ஆண்டைத் தாண்டிய பழைய மோசடிக்குச் சாட்சி அது.

தங்கம் என்று தோன்றினால் அடர்த்திச் சோதனையும் செய்யுங்கள். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவது காசின் கன அளவு. காசின் எடையை அதனால் வகுத்தால் 22 காரட் தங்கத்துக்கு 17.7ஐ ஒட்டி வர வேண்டும். நம் ஊரில் எட்டு கிராமை ‘பவுன்’ என்பது 7.99 கிராம் எடையுள்ள முழு சாவரினால் வந்த வழக்குதான். அதற்குத் தண்ணீரில் 0.45 கிராம் காட்டும். அரை சாவரினில் அது 0.23க்குக் கீழே வருவதால் நூல் கொஞ்சம் தடித்தாலும் விடை புரண்டுவிடும், நாலைந்து முறை செய்து சராசரி எடுங்கள். நகையாக அணியக் கொக்கி பற்றவைத்த காசுக்கு எடையும் தவறும், சேகரிப்பாளர் மதிப்பும் போகும். அது வெறும் தங்க விலைதான்.

எதைச் சேர்ப்பது என்று கேட்டால் தயங்காமல் பென்னி என்பேன். வெண்கலப் பென்னி 1860இல் வந்தது, 9.4 கிராம், 31 மி.மீ. அதற்கு முந்தைய செம்புப் பென்னி இரண்டு மடங்கு கனம். கொண்டை போட்ட இளம் விக்டோரியா 1894 வரை, முக்காடிட்ட முதிய விக்டோரியா 1895 முதல் 1901 வரை. பிரிட்டானியாவின் பின்னால் இருந்த கலங்கரை விளக்கமும் கப்பலும் 1895இல் மறைந்தன. 1937இல் கலங்கரை விளக்கம் மட்டும் திரும்பியது. ‘இண்ட் இம்ப்’, அதாவது இந்தியாவின் பேரரசர் என்ற சுருக்கம் 1948 வரை இருக்கும், 1949இல் காணாமல் போகும்.

இருபதாம் நூற்றாண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 1902 முதல் 1967 வரை, கிடைக்கக்கூடிய ஆண்டுகள் 51தான். 1923–25, 1941–43, 1952, 1955–60 ஆகியவை புழக்கத்துக்கு அடிக்காத ஆண்டுகள். 1933இல் அடித்தவை ஒரு கை விரல்களைக் கொஞ்சம் தாண்டும், 1954இல் தெரிந்தது ஒன்றே ஒன்று. இவை டின்னில் வராது. ‘1933’ வந்தால் கடைசி எண்ணைச் சுரண்டியிருக்கிறார்களா என்று லென்ஸில் பாருங்கள். 1950, 1951 சிரமப்பட்டுக் கிடைக்கும். மிகக் குறைவாக அடித்து, பெரும்பாலானதை பெர்முடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1953 முடிசூட்டு ஆண்டுத் தொகுப்புகளுக்காக அடித்தது. 1967 நேர்மாறு, 65 கோடிக்கு மேல். யாராவது அதை ‘அரிது’ என்றால் கடையை மாற்றுங்கள்.

அந்த 51க்குள்ளேயே வகைகள் இருக்கின்றன. 1912, 1918, 1919 பென்னிகளில் ஆண்டுக்கு இடப்பக்கம் சின்னதாக ‘எச்’ இருந்தால் பர்மிங்காம் ஹீட்டன் ஆலை அடித்தது. 1918, 1919இல் ‘கேஎன்’ இருந்தால் கிங்ஸ் நார்ட்டன் ஆலை. விக்டோரியா காலத்தில் ‘எச்’ ஆண்டுக்குக் கீழே வரும். 1882இல் ‘எச்’ இல்லாததுதான் அரிது என்பதால் அந்த எழுத்தைச் சுரண்டி விற்பதும் உண்டு. கீழே பள்ளமோ பளபளப்போ தெரிந்தால் வாங்காதீர்கள். 1902இல் கடல் மட்டம் பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் இடத்தில் முட்டினால் சாதாரண வகை, அதற்குக் கீழே ஓடினால் ‘லோ டைட்’, கொஞ்சம் அரிது.

தரம் பார்க்கும்போது ஐந்தாம் ஜார்ஜ் பென்னி எல்லோரையும் குழப்பும். பின்பக்கத்தில் ராஜா தலையின் நிழல் ஒரு பேய் உருவம் போலத் தெரியும், பிரிட்டானியாவின் நடுப்பகுதி மழுங்கியிருக்கும். தேய்மானம் என்று நினைத்துக் குறைத்து மதிப்பிடுவோம். தலை உருவத்தின் மேடு அதிகமாக இருந்ததால் உலோகம் அந்தப் பக்கமே இழுக்கப்பட்டது, காரணம் அவ்வளவுதான். அதற்காகத்தான் 1926இலிருந்து தலையைத் திருத்தினார்கள். ஆகவே ஜார்ஜ் பென்னியில் தேய்மானத்தை ராஜாவின் காதுக்கு மேல் முடியிலும் புருவத்திலும் பாருங்கள். எழுத்து மட்டும் தெளிவாக இருந்தால் ‘ஃபைன்’, முடியில் பாதி தெரிந்தால் ‘வெரி ஃபைன்’, உயர்ந்த இடத்தில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. அரிதான ஆண்டைவிட நல்ல தரத்துக்குப் பணம் கொடுப்பதே என் கட்சி. வழவழத்த 1902ஐவிட முழு முடி தெரியும் 1936 எவ்வளவோ மேல்.

தூத்துக்குடிக் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் பத்திரப்படுத்துவது பெரிய வேலை. மெத்தென்ற பிவிசி உறையில் ஒரு கோடைக்குப் போட்டாலே போதும், பச்சைப் பிசின் படியும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சன்னல் வைத்த அட்டைகள் வாங்குங்கள்: பென்னிக்கு 32.5 மி.மீ., அரை பென்னிக்கு 27.5, ஃபார்த்திங்குக்கு 22.5, அரை கிரவுனுக்கு 35. அட்டையை ஸ்டேப்ளரால் அடித்து மூடிய பிறகு அந்தப் பின்னை இடுக்கியால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். ஏற்கெனவே பிசின் படிந்திருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, தேய்க்காமல் காற்றில் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அடுப்புள்ள அறையில் அசிட்டோனைத் திறக்கவே கூடாது. வழவழப்பான கறுப்பும் பழுப்பும் அப்படியே இருக்கட்டும். தொட்டால் உதிரும் பச்சைப் பொடி மட்டும் நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள்.

யூடியூப் லட்சங்களைப் பற்றி: ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய காசை வாங்குகிறோம் என்று முன்பணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விலைப்பட்டியல் நூல்களில் இருப்பது வியாபாரி விற்கும் விலை, உங்களிடமிருந்து வாங்கும் விலை அதைவிடக் கணிசமாகக் குறையும். தரச்சான்றுக்கு வெளிநாடு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உங்கள் டின்னில் விக்டோரியாவும் எட்வர்டும் எல்லாமே அந்தக் கணக்கில் வரும், ஐந்தாம் ஜார்ஜில் பெரும்பகுதியும்.

சந்தேகமான காசுகளை எனக்கு அனுப்பும்போது இரண்டு பக்கமும் தனித்தனிப் படம், வெளிச்சம் பக்கவாட்டில், ஃபிளாஷ் இல்லாமல். எடையும் விட்டமும் எழுதாத படத்துக்குப் பதில் வராது.